தங்கப்பனுக்கு, கால் வீக்கம் பற்றி

நாகர்கோவில்,
ஆடி 5

அன்புள்ள தங்கப்பா,

உன் கடிதம் நேற்று வந்தது. பேத்திக்குக் கோயம்புத்தூரிலேயே காலேஜில் இடம் கிடைத்தது பெரிய சந்தோஷம். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தாயே, சாயங்காலம் ஆனால் செருப்பு காலில் ஏறமாட்டேன் என்கிறது, அதனால் தண்ணீர் குடிப்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டேன் என்று. அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். டாக்டர் யாரும் சொல்லாமல் நீயாகக் குறைத்தது என்றால், முதலில் பழையபடி தாகத்துக்குக் குடி. வீங்குகிறது என்பதற்காகத் தண்ணீரை நிறுத்தினால் வாய்தான் வறளும், கால் வற்றாது.

போன வருஷம் எனக்கும் இதே கதை. இருபத்தெட்டு வருஷம் பேச்சிப்பாறை வண்டியில் நின்றே டிக்கெட் கிழித்த கால், வீங்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். உள்ளுக்குள் பயமும் இருந்தது. நம் பக்கத்தில் கால் பெருத்தால் யானைக்கால்தானே முதலில் ஞாபகம் வரும்! அதற்கு ராத்திரியில் ரத்தம் எடுப்பார்கள், அந்தப் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் நடமாடும். நல்லவேளை, எனக்கு அது இல்லை. இரண்டு காலிலும் ஒன்றுபோல் வீக்கம், காலையில் வற்றும், மாலையில் ஏறும். கணுக்காலுக்கு மேலே எலும்பின்மேல் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் அழுத்தி எடுத்தால், பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி குழி அப்படியே நிற்கும். நீயும் அழுத்திப் பார்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம். வீட்டுக்காரி வேலியோரம் படர்ந்து கிடக்கிற மூக்கிரட்டைக் கீரையைப் பறித்துத் துவரன் வைத்தாள். ஒன்றுக்கு இரண்டு தடவை கூடுதலாகப் போனேன், கால் அப்படியே இருந்தது. ஏன் என்று இப்போது புரிகிறது. அது ஜூன் கடைசி. நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடை, பச்சை மீன் விலையைக் கேட்டால் வந்த வழியே திரும்பத் தோன்றும். அதனால் தினமும் நெத்திலிக் கருவாடு. பழஞ்சிக்கு நார்த்தங்காய் ஊறுகாய். மத்தியானம் அப்பளம், நாலு மணிக்கு நேந்திரங்காய் சிப்ஸ். அத்தனையும் உப்பு. ஒரு பக்கம் நீரை இறைத்துக்கொண்டு மறுபக்கம் மடையைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி ஒரு கணக்கு சொன்னார். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற அரை லிட்டர் சலைன் பாட்டிலில் 4.5 கிராம் உப்பு இருக்கிறதாம். நம் உடம்பு நீரின் உப்பும் ஏறக்குறைய அதே அளவுதான். அதனால் 4.5 கிராம் உப்பு அதிகப்படியாக உள்ளே தங்கினால், அது வெளியேறும் வரை உடம்பு சுமார் அரை லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அது தலைதட்டிய ஒரு டீஸ்பூன்தான், அதற்குள் கருவாடும் சிப்ஸும் அடக்கம். சாமித்தோப்பு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவன் கடைசியில் உப்புக்குக் கணக்கு எழுதுகிறேன், பார்!

கருவாட்டை அடியோடு விட என்னால் முடியவில்லை. வாரத்தில் ஒரு நாள், அதுவும் வெந்நீரில் இரண்டு தடவை ஊறப்போட்டுக் கழுவிய பிறகு. குழம்பில் உப்பைக் குறைத்து, குடம்புளியும் நல்லமிளகும் கொஞ்சம் தூக்கலாகப் போடுகிறாள். முதல் இரண்டு வாரம் எதைத் தின்றாலும் ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான். அப்புறம் நாக்கு வழிக்கு வந்துவிட்டது. இப்போது கல்யாண வீட்டில் சாப்பிட்டால் உப்பு கரிக்கிறது.

ஆனால் உப்பைக் குறைத்தும் வீக்கம் பாதிதான் இறங்கியது. இடையில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். ஒரு மருந்துக்கடையில் கேட்டு, சிறுநீரை அதிகம் போகவைக்கிற நீர் மாத்திரை வாங்கி நாலு நாள் போட்டேன். ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுத்து உயிர் போனது, எழுந்தால் தலை சுற்றியது. டாக்டரிடம் சொன்னபோது திட்டிவிட்டு, என் பழைய மாத்திரைப் பட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிரஷருக்கு நான் போட்டுக்கொண்டிருந்தது அம்லோடிபின். அது பலருக்குக் கணுக்காலை வீங்க வைக்குமாம். ரத்தக்குழாயை விரித்துவிடுவதால் நீர் கசிந்து சதையில் தங்கிவிடும், அந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை அவ்வளவாக உதவாதாம். அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், மூன்று வாரத்தில் கால் பழைய கால். எத்தனை வாழைத்தண்டு வீணாய்ப் போனது!

உனக்கும் பிரஷர் உண்டு, மூட்டுவலிக்கும் என்னமோ விழுங்குகிறாய். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளும் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். பட்டைகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ. பிரஷர் மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்தித் தொலைக்காதே.

இளநீரும் வாழைப்பழமும் தினம் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அவற்றிலுள்ள பொட்டாசியம் உப்பை வெளியே தள்ள உதவும் என்பது சரிதான். ஆனால் சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கும், சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அந்தப் பொட்டாசியமே உடம்பில் கூடி இதயத் துடிப்பைக் கெடுக்கும். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுகிற கிரியேட்டினினை ரத்தத்தில் பார்த்துவிட்டு இளநீரை வெட்டு.

செலவில்லாத வழி கால் தூக்கி வைப்பதுதான். சாயங்காலம் அரை மணி நேரம் படுத்துக்கொண்டு, இரண்டு தலையணையில் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்கிறேன். விடியற்காலையில் நடை. கெண்டைக்கால் சதை ஒவ்வொரு அடிக்கும் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றுமாம். நின்றுகொண்டே இருந்த நானும், உட்கார்ந்துகொண்டே இருந்த நீயும் அந்தப் பம்பைச் சரியாக ஓட்டவே இல்லை.

இன்னொன்று கேள். சின்ன வயதில் ஊர்க்குளத்தில் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்கு முட்டுமே, குளிர்தான் காரணம் என்று நினைத்தோம். அதுவும்தான், ஆனால் தண்ணீர் அழுத்தி காலில் கிடக்கிற நீரை நெஞ்சுப் பக்கம் தள்ளுவதால், நீர் கூடிவிட்டது என்று உடம்பு நினைத்து வெளியேற்றுகிறது. இப்போது வாரம் இரண்டு நாள் இடுப்பளவுத் தண்ணீரில் படித்துறையோரமாக நடக்கிறேன். வழுக்குகிற படி, அதனால் பையனும் கூட வருகிறான்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, காலையில் முகம் உப்பி சிறுநீர் நுரைத்தாலோ, இதில் எதையும் செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. ரத்தக்கட்டு, இதயம், சிறுநீரகம் என்று அது வேறு சங்கதி. உன் மகளிடமும் இதை வாசித்துக் காட்டு, நீ பாதியை மறைப்பாய்.

இங்கே நாலு நாளாகச் சாரல். பின்பக்கம் மட்டி வாழை ஒரு குலை தள்ளியிருக்கிறது. ஓணத்துக்கு வருவதாக எழுதியிருந்தாய், ராத்திரி பஸ்ஸில் மட்டும் வராதே. விடிய விடியக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தால் வடசேரியில் இறங்கும்போது செருப்பைக் கையில்தான் எடுத்துவர வேண்டும். ரயிலில் கீழ் பெர்த் கேட்டு வாங்கு.

உன் கண்டக்டர்