அப்பாவின் கார் வீடு திரும்பியது: பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். இந்த மடலை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். "கார் வாசலுக்கு வரட்டும், பிறகு எழுது" என்று அப்பா சொல்லிவிட்டார். நேற்று மாலை வந்துவிட்டது. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

அது எங்களுக்கு எப்படிப்பட்ட கார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா 34 ஆண்டுகள் லேத் முன்னால் நின்று உழைத்தவர். விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொழிற்சாலை பஸ், மாலையில் அதே பஸ். ஓய்வுபெற்ற பிறகு 61 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். போன ஆயுத பூஜை அன்று மயில்நீல நிறத்தில் சிறிய கார் ஒன்றை வாங்கினார். மைசூர் சாலை காளி ஆஞ்சநேயர் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றி அதை வீட்டுக்கு ஓட்டி வந்தவர் அவர்தான். பீன்யாவில் நண்பர் ஒருவரின் பட்டறைக்குப் போய், தன் கையாலேயே பித்தளையில் ஒரு சிறு பீடம் கடைந்து, டாஷ்போர்டில் பிள்ளையாரை அதன்மேல் வைத்தார். எங்கள் குடும்பத்தின் முதல் கார் அது. அம்மாவின் முழங்கால் வலிக்கு ஆட்டோவில் ஏறி இறங்குவது பெரும்பாடு. கார் வந்த பிறகுதான் அம்மா மறுபடியும் கோயிலுக்குப் போகத் தொடங்கினார்.

வைகாசியில் சித்தப்பா மகளுக்கு ஆம்பூரில் கல்யாணம். இரவில் நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டாம் என்று கன்டோன்மென்ட்டில் ரயில் ஏறினோம். அன்று இரவு எங்கள் வீட்டின் பின்பக்கக் கிரில்லை வளைத்து உள்ளே வந்திருக்கிறார்கள். பீரோவை உடைத்திருக்கிறார்கள். அம்மாவின் இரண்டு வளையல், வெள்ளி விளக்கு, என் மடிக்கணினி எல்லாம் போயின. அவை இன்னும் கிடைக்கவில்லை. பூஜை அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் கார் சாவி மாட்டியிருந்தது. அதை எடுத்து, கேட்டைத் திறந்து, காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

முதல் நன்றி எங்கள் தெருவைப் பெருக்கும் பௌரகார்மிக அக்காவுக்கு. அக்கா, அன்று காலை எங்கள் வீட்டில் கேட் திறந்து கிடந்ததையும் போர்டிகோ காலியாக இருந்ததையும் நீங்கள்தான் முதலில் பார்த்தீர்கள். எங்கள் வேப்பமரம் இரவெல்லாம் இலை கொட்டும். கார் நின்ற இடத்தில் மட்டும் இலையே இல்லாமல், பாய் விரித்த அளவுக்குத் தரை சுத்தமாக இருந்ததாம். "இலை விழாத இடத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது" என்று பிறகு சொன்னீர்கள். துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். இன்னும் இரண்டு மணி நேரம் கழித்து யாராவது பார்த்திருந்தால் இந்த மடலை எழுதும் வாய்ப்பே எனக்குக் கிடைத்திருக்காது.

எதிர்வீட்டு ஆன்ட்டி, நீங்கள் உடனே 112க்கு அழைத்தீர்கள். அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய காரியம். கூட்டம் கூடிவிட்டது, எல்லாருக்கும் உள்ளே எட்டிப் பார்க்க ஆசை. நீங்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எங்கள் கேட்டுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டு, ஹொய்சளா ரோந்து வண்டி வரும்வரை யாரையும் படியேற விடவில்லை. விரல்ரேகை எடுக்க வந்தவர்கள் பீரோக் கதவில் தெளிவான ரேகைகள் கிடைத்ததாகச் சொன்னார்கள். சர்க்கரை நோய் உள்ள நீங்கள், நாங்கள் ஆம்பூரிலிருந்து வந்து சேரும்வரை காலைப் பலகாரம்கூடச் சாப்பிடவில்லை என்று உங்கள் மருமகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆன்ட்டியின் அழைப்பு வந்தபோது மண்டபத்தில் கெட்டிமேளம் தொடங்கவிருந்தது. அப்பா மணமேடையில் நின்றிருந்தார். தாலி ஏறும்வரை சொல்லக்கூடாது என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம். அப்பாவின் கைப்பை என்னிடம் இருந்தது. அதிலிருந்த போனைத் திறந்தேன். ஃபாஸ்டேக்கிலிருந்து இரண்டு குறுஞ்செய்திகள் வந்திருந்தன. இரவு 2.52க்கு அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடி. 3.38க்குக் கிருஷ்ணகிரி. நாங்கள் தூங்கிக்கொண்டிருந்த ஊரை நோக்கித்தான் எங்கள் கார் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தம்பி ஃபாஸ்டேக்கை உடனே முடக்கப் போனான். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று காவல் நிலையத்திலிருந்து போனில் பேசிய அதிகாரி தடுத்தார். வாணியம்பாடிச் சாவடியிலும் பணம் பிடிக்கவில்லை, தொப்பூர்ப் பக்கத்திலும் பிடிக்கவில்லை. ஆகவே வண்டி கிருஷ்ணகிரியைச் சுற்றி எங்கோ நெடுஞ்சாலையை விட்டு இறங்கியிருக்கிறது, அல்லது ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டார்கள் என்று நிமிடத்தில் கணக்குப் போட்டார். இரண்டுமே நடந்திருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. ஐயா, உங்கள் நிதானம்தான் அன்று எங்களுக்குத் தெம்பு கொடுத்தது.

காவல் நிலைய ரைட்டர் அண்ணாவையும் சொல்லியாக வேண்டும். முதல் தகவல் அறிக்கையைக் கன்னடத்தில் எழுதி, ஒவ்வொரு வரியையும் எங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினார். வீட்டை உடைத்து உள்ளே வந்து சாவியையும் திருடிக்கொண்டு போனார்கள் என்பதைத் தனி வரியாக எழுத வைத்தவர், அப்பாவுக்குத் தமிழ்ச் சங்க நூலகத்தில் பழக்கமான, இன்ஷூரன்ஸ் துறையில் ஓய்வுபெற்ற ஐயா. அந்த ஒரு வரியின் அருமை இரண்டு நாள் கழித்துப் புரிந்தது. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இரண்டு சாவிகளையும் கொண்டுவரச் சொன்னார்கள். ஒன்று திருடு போனது என்றதும், "சாவியை ஏன் வீட்டில் விட்டுப் போனீர்கள்?" என்று ஒருவர் அப்பாவைக் குற்றவாளியைக் கேட்பதுபோல் கேட்டார். வீட்டுச் சாமானை வீட்டில் வைக்காமல் வேறெங்கே வைப்பது? எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது. அப்பா ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து மற்றொரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். கல்யாணத்தன்று பட்டுச்சட்டையிலும் அதை வைத்திருந்தார். ஐயா அறிக்கையின் நகலை நீட்டி அந்த வரியைக் காட்டிய பிறகு பேச்சின் தொனி மாறிவிட்டது.

ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரிச் சொந்தங்களுக்கு: கல்யாணக் களைப்பில் இருந்த நீங்கள் அன்று மாலையே ஓர் அறிவிப்பு எழுதி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராக அனுப்பினீர்கள். எண்ணை மாற்றிவிடுவார்கள் என்று முன்யோசனையோடு அடையாளங்களை எழுதிய பெரியம்மா மகளுக்குத் தனி நன்றி. மயில்நீலம், இடது பின்கதவில் சைக்கிள் உரசிய கோடு, பித்தளைப் பீடத்தில் பிள்ளையார்.

பதினோராம் நாள், காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாந்தோப்பின் காவல்கார அண்ணன் அதைப் படித்திருக்கிறார். தோப்பின் கோடியில் நாலைந்து நாளாக ஒரு கார் தார்ப்பாய் போட்டு நின்றது. பழம் ஏற்ற வந்த வியாபாரியின் வண்டி என்று நினைத்திருந்தாராம். அன்று தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். முன்னும் பின்னும் எண் பலகை இல்லை. கண்ணாடியில் ஸ்டிக்கர்கள் சுரண்டப்பட்டிருந்தன. உள்ளே பிள்ளையார் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அண்ணன் எதையும் தொடாமல் நேரே காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு, இரவெல்லாம் காரின் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அங்கே வந்திருந்த ஏட்டையா பானெட்டைத் திறந்து, சேசிஸ் எண் பொறித்த இடத்தில் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தார். கரிக்கோட்டுக்கு நடுவே ஒவ்வோர் எழுத்தாக வெள்ளையாகத் தெளிந்து வந்தது. மொத்தம் 17. அப்பா டைரியைத் திறக்கவே இல்லை. ஏட்டையா ஓர் எழுத்தைத் தேய்த்து முடிப்பதற்குள் அடுத்த எழுத்தை அப்பா வாயால் சொல்லிக்கொண்டே வந்தார். பதினேழாவது வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காவல்கார அண்ணன் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கிளம்பும்போது செந்தூராவும், அந்தப் பக்கத்தில் பெங்களூரா என்றே பெயர் வழங்கும் மாங்காயும் ஒரு பை நிறையக் கொடுத்தார். வெகுமதி என்று அப்பா நீட்டிய பணத்தை அவர் கையால்கூடத் தொடவில்லை.

கிடைத்த பொருள் வழக்குச் சொத்து. உடனே கையில் தர மாட்டார்கள். காவல் நிலைய வளாகங்களில் செடி முளைத்து நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் காருக்கு அந்தக் கதி வராமல் காத்தவர் சிவாஜிநகர் வக்கீல் அக்கா. இப்படி வண்டிகளை நிலையத்தில் நெடுங்காலம் போட்டு வைக்கக்கூடாது, படம் எடுத்து, ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503ஆம் பிரிவில் மனுப் போட்டார். வழக்கு முடியும்வரை விற்கக்கூடாது, நிறம் மாற்றக்கூடாது, கேட்கும்போது கொண்டுவந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு உத்தரவு கிடைத்தது. ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டதற்கு, "அம்மாவை ஒரு நாள் காரில் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்" என்றார். வருகிறோம் அக்கா.

எண் பலகை இல்லாததால் கார் இழுவை வண்டியில்தான் வந்தது. இருக்கையில் பீடிச் சூடு பட்ட ஓட்டை ஒன்று இருக்கிறது, ஸ்டெப்னி இல்லை. புதிய பலகைகளுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அதுவரை அப்பா தினமும் துடைத்துவைப்பார், அவ்வளவுதான்.

மாந்தோப்பு அண்ணனுக்கு ஒரு வார்த்தை: பலகை வந்து மாட்டிய முதல் ஞாயிற்றுக்கிழமை உங்களிடம்தான் வருகிறோம். அப்பாதான் ஓட்டுவார். அண்ணியைச் சமைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மா புளியோதரை கட்டிக்கொண்டு வருகிறார்.

நன்றியுடன்,
அல்சூர் வேப்பமரத்து வீட்டு மகள்