கிட்னியைக் கெடுப்பது பிரஷர் மாத்திரையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த ரத்த அழுத்தம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். உப்பு, நடைப்பயிற்சி, தூக்கம் பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் நடுவில், பிரஷர் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் பழுதாகிவிடும், அதனால் இயற்கை வழிக்கு மாறுவது நல்லது என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். இதே பேச்சைக் கடைக்கு வருகிறவர்கள் வாயால் ஓயாமல் கேட்டிருக்கிறேன். "எங்க மாமா பத்து வருஷம் பிரஷர் மாத்திரை சாப்பிட்டார், கடைசியில டயாலிசிஸ்ல போய் நின்னுச்சு" என்பார்கள். மாமாவின் சிறுநீரகத்தைக் கெடுத்தது மாத்திரையா, பத்து வருடமும் சரியாக அடங்காத பிரஷரா, கூடவே இருந்த சர்க்கரையா என்று யாரும் கேட்பதில்லை. 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வந்த மாத்திரை பயத்தால் அலமாரியிலேயே கிடந்தால் என்ன பயன்? அந்தப் பயத்துக்கு அச்சில் வரும் ஒரு வரி எவ்வளவு தெம்பு கொடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

சிறுநீரகத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு ஆய்வுக்கூடத்தில் தெரிய ஆரம்பித்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. 1898-இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தினார்கள், அழுத்தம் ஏறியது. அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் பல காலம் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1934-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத்துக்குப் போகும் தமனியை வெள்ளிக் கவ்வியால் இறுக்கினார். அந்த நாய்களுக்கு அழுத்தம் ஏறி, ஏறியபடியே நின்றது. சிறுநீரகமே அழுத்தத்தை ஏற்றும் என்பது அதோடு உறுதியானது.

ஏறிய அழுத்தம் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது என்பது இன்னும் சுவையான கதை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு நுண்குழாய், வெளியே போக ஒரு நுண்குழாய். ரெனின் கிளப்பிவிடும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள், வெளியே போகும் குழாயைத்தான் அதிகமாகச் சுருக்குகிறது. வயலுக்குத் தண்ணீர் வரும் மடை திறந்திருக்க, வடியும் மடையை மண் போட்டுக் குறுக்கினால் என்ன ஆகும்? அதுதான் வடிகட்டிக்குள் நடக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி, வடிகட்டி கிழிசல் கண்டு, புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. நாளடைவில் அந்த வடிகட்டியே தழும்பாகிப் போகிறது.

இதை எலிகளில் அளந்து காட்டியவர்கள் பாஸ்டனில் பாரி பிரென்னரின் குழுவினர். ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, மற்றதிலும் பெரும்பகுதிக்கு ரத்தம் போகாமல் கட்டி, மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கை மட்டும் மிச்சம் வைத்தார்கள். மிச்சமிருந்த வடிகட்டிகள் எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொண்டு, அந்த அழுத்தத்திலேயே அழிய ஆரம்பித்தன. 1986-இல் ஆண்டர்சன், ரென்கே, பிரென்னர் மூவரும் வெளியிட்ட சோதனையில், இப்படிப்பட்ட எலிகளில் ஒரு பகுதிக்கு ரிசர்பின், ஹைட்ராலசின், ஹைட்ரோகுளோரோதையசைடு என்று மூன்று பிரஷர் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதிக்கு, ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் எனலாப்ரில் மட்டும். உடம்பின் ரத்த அழுத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி இறங்கியது. ஆனால் வடிகட்டிக்குள் இருந்த அழுத்தம் எனலாப்ரில் சாப்பிட்ட எலிகளில்தான் இறங்கியது. சிறுநீரகமும் அவற்றுக்குத்தான் தப்பியது. மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுப்பது இருக்கட்டும், சரியான மாத்திரை அதைக் காப்பாற்றுவதைக் கண்ணால் பார்த்த சோதனை இது.

இயற்கை வழியை விரும்பும் கட்டுரையாளருக்கு இங்கே ஒரு தகவல். தோற்ற பக்கத்தில் இருந்த ரிசர்பின், நம் நாட்டு சர்ப்பகந்தாவின் வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஜெயித்த எனலாப்ரிலின் பூர்வீகம் பிரேசில் காட்டு விரியனின் விஷத்தை ஆராய்ந்ததில் இருக்கிறது. எந்த இயற்கையை எடுத்துக்கொள்வது என்று அவரே சொல்லட்டும்.

அந்த எலிச் சோதனைக்கு எதிர்வாதமும் வந்தது. நாள் முழுக்க அழுத்தத்தைப் பதிவு செய்யும் கருவி வந்தபின், மூன்று மருந்து வாங்கிய எலிகளுக்கு அழுத்தம் சரியாக அடங்கவே இல்லை, வித்தியாசத்துக்கு அதுதான் காரணம் என்றார்கள் வேறு சில ஆய்வாளர்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் மனிதர்களிடம் செய்த ஆய்வுகளுக்கு மதிப்பு அதிகம். 1993-இல் வெளியான ஆய்வில் முதல் வகைச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 409 பேர் இருந்தார்கள். எனலாப்ரில் வகையைச் சேர்ந்த கேப்டோப்ரில் எடுத்த 207 பேரில் 25 பேருக்கு, சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் இரட்டிப்பானது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த 202 பேரில் 43 பேருக்கு. 2001-இல் பிரென்னர் தலைமையில் இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 1,513 பேரிடம், ஆஞ்சியோடென்சினை வேலை செய்யவிடாமல் தடுக்கும் லோசார்டனைப் பார்த்தார்கள். சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் அபாயம் 28 சதவீதம் குறைந்தது.

சரி, மக்களின் பயத்துக்கு அடிப்படையே இல்லையா? இருக்கிறது. எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவற்றைத் தொடங்கியதும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது வழக்கம். வடியும் குழாய் விரிந்து உள் அழுத்தம் இறங்குவதால் வருவது அது. 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக மருந்தை நிறுத்த மாட்டார்கள். அதைத் தாண்டினாலோ பொட்டாசியம் ஏறினாலோ மருத்துவர் மறுபடி யோசிப்பார். கோல்ட்பிளாட்டின் நாய்கள் மாதிரி இரண்டு பக்கச் சிறுநீரகத் தமனியும் சுருங்கியவர்களுக்கு இந்த மாத்திரைகளால் ஆபத்து வரலாம். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. எனலாப்ரில் வகை, லோசார்டன் வகை இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நம்பிய காலமும் உண்டு. 2008-இல் லோசார்டன் வகையான டெல்மிசார்டனையும் எனலாப்ரில் வகையான ராமிப்ரிலையும் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வில் சிறுநீரகத்துக்குக் கெடுதல்தான் கூடியது.

கட்டுரையாளர் கை வைத்திருக்க வேண்டிய இடம் வேறு. மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் என்று சீட்டில்லாமல் வாங்கித் தினமும் போட்டுக்கொள்கிறார்களே, அங்கே. இவை ரத்தம் உள்ளே வரும் குழாயைச் சுருக்குகின்றன. பிரஷர் மாத்திரை வெளிக்குழாயைத் திறந்து வைத்திருக்கும்போது உள்குழாயும் சுருங்கினால் வடிகட்டுவதற்கான அழுத்தமே இல்லாமல் போகும். நீர் போவதற்கான மாத்திரையும் சேர்ந்து, வயிற்றுப்போக்கில் உடம்பும் வற்றியிருந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடும். அப்படிப் படுத்த பிறகு பழி விழுவதென்னவோ பிரஷர் மாத்திரை மேல்தான். வலி மாத்திரையின் பெயரை வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள். மருந்துக்கடைக்காரர்களான எங்கள் பங்கும் இதில் உண்டு.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, வாந்தி பேதி வந்த நாட்களில் மட்டும் மருத்துவரைக் கேட்டு நிறுத்தி வைக்கலாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பிரஷரும் சர்க்கரையும் உள்ளவர்கள் கிரியாட்டினினோடு சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தின் அளவையும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே அது காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கட்டுரையில் அந்தச் சோதனையின் பெயர்கூட இல்லை. இடம் இருந்தால் சிறுநீரக மருத்துவர் ஒருவரையே எழுதச் சொல்லலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திண்டுக்கல்.