பூனைகளுக்காக ஒரு கைவினைச் சந்தை: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை 8.30 மணி முதல் நண்பகல் வரை, நமது பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகள் தம் கையால் செய்த பொருட்களை விற்கவிருக்கிறார்கள். செலவு போக எஞ்சும் பணம் முழுவதும் நம் ஊர்த் தெருப் பூனைகளின் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கும், காயம்பட்ட பூனைகளின் வைத்தியத்துக்கும் செலவாகும். செய்தி இவ்வளவுதான். ஆனால் உங்கள் வாசல் வரை வந்து சேர்வதற்குள் அதற்குக் கை கால் முளைத்து, "பள்ளிக்கூடத்தில் பூனைப் பண்ணை தொடங்குகிறார்களாம்" என்றாகிவிட்டது. ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பண்ணை எதுவும் இல்லை. நமது பாடசாலைக்கு ஒரு பக்கம் மீன் சந்தை, மறுபக்கம் வாவி. மீன் தலையும் குடலும் விழுகிற இடத்துக்குப் பூனை வருவதை எந்தச் சுற்றறிக்கையாலும் தடுக்க முடியாது. வருகிற பூனை, பின்மதிலோரம் குவித்திருக்கும் உடைந்த மேசை கதிரைகளுக்குள் குட்டி போடுகிறது. இது போதாதென்று, இரவோடிரவாக உரப்பையிலும் பழப்பெட்டியிலும் குட்டிகளைக் கொண்டுவந்து பின்வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் நடமாடும் இடம், யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்ற எண்ணமாக இருக்கலாம். மாரி காலத்தில் வடிகான் நிரம்பும் நாட்களில் அந்தக் குட்டிகளுக்கு என்ன நேர்கிறது என்பதை முதலில் காண்பவர்கள், காலையில் வளவு கூட்ட வரும் தரம் 6, தரம் 7 பிள்ளைகள்தாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்பார்கள். இங்கே கண்ணை மூடிக்கொள்வது பூனை அல்ல.

சென்ற தவணையில் சில பிள்ளைகள் தங்கள் கைச்செலவுக் காசில் பால் வாங்கிக் குட்டிகளுக்கு ஊற்றத் தொடங்கினார்கள். மனம் நல்ல மனம்தான். ஆனால் பசுப்பால் பூனைக்குட்டிக்கு உகந்ததல்ல. தாய்ப்பூனையின் பாலில் உள்ள அளவு புரதமும் கொழுப்பும் அதில் இல்லை. பல குட்டிகளுக்கு வயிற்றோட்டமும் வந்துவிடும். கையகலக் குட்டிக்கு வயிற்றோட்டம் என்றால் அது சிறிய விடயம் அல்ல. சோறும் மீனும் வைப்பது பசியை ஆற்றும், ஆனால் பின்வாசலுக்கு வரும் பெட்டிகளைக் குறைக்காது. அந்தப் பெட்டிகளைக் குறைப்பதற்கு இருக்கிற வழி கருத்தடை ஒன்றே.

ஏன் என்று கேட்டால், கணக்கைப் பாருங்கள். நான் இருபது வருடத்துக்கு மேல் கணிதம் கற்பித்தவன். அந்தப் பழக்கம் விடாது. பெண் பூனை நான்கைந்து மாத வயதிலேயே சினைப்படக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டிகள் வரை சாதாரணமாகப் பிறக்கும். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் சினைப்படலாம். இந்த எண்களைத் தரம் 9 வகுப்பில் கொடுத்து, ஒரு சோடியில் தொடங்கி மூன்று வருடத்துக்குக் கணக்கிடச் சொன்னபோது கரும்பலகை போதவில்லை. கணக்கு முடிந்ததும் ஒரு மாணவி, "சேர், அப்படியென்றால் ஏன் ஊர் முழுவதும் பூனையாக இல்லை?" என்று கேட்டாள். அவளுக்குத்தான் முழுப் புள்ளி. தாளில் வரும் எண் தெருவில் வராது. பிறப்பவற்றில் பெரும்பாலானவை பிரதான வீதியில் பஸ்ஸுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும், நாய்க்கும், நோய்க்கும், மழைக்கும் போய்விடுகின்றன. பிறந்து சாவதற்காகவே பிறக்கும் குட்டிகளைப் பிறக்காமல் தடுப்பதுதான் இந்த வேலை.

"மனிதருக்கே வழியில்லாத காலத்தில் பூனைக்கா?" என்று ஒரு தந்தை நேரில் வந்து கேட்டார். நியாயமான கேள்வி, கோபத்தோடு கேட்டாலும் நியாயமானதே. இதற்காக உங்களிடம் ஒரு சதமும் நாங்கள் அறவிடவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் நிதியிலும் கை வைக்கவில்லை. எந்தப் பிள்ளையும் பொருள் வாங்கக் கட்டாயமில்லை, விற்கவும் கட்டாயமில்லை. பயன்படுத்தும் மூலப்பொருள் பெரும்பாலும் எறியப்படுபவை. இன்னொன்றையும் அவருக்குச் சொன்னேன்: நெல் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு பூனையை வேண்டாத பிராணி என்று தள்ளிவிட முடியாது. களஞ்சியத்தில் எலி பெருகினால் நெல்லும் போகும், எலிக்காய்ச்சலும் வரும். வாவிக்கு அக்கரையான வயற்பகுதி படுவான்கரையிலிருந்து பாதையேறி (மிதவைப் படகில்) வரும் பிள்ளைகளின் வீடுகளில் இதை நான் விளக்கத் தேவையில்லை.

இனி பொருட்களைப் பற்றி. இதில்தான் எனக்கு உண்மையான அக்கறை, பூனைப் பிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

மருதமுனைத் தறி வீடுகளில் சாரமும் சேலையும் நெய்த பின் எஞ்சும் கழிவு நூலை மூட்டையாகத் தந்திருக்கிறார்கள், இலவசமாக. அதில் பிள்ளைகள் புத்தகக்குறியும் கைப்பட்டியும் முடைகிறார்கள். தையற்கடைகளில் விழும் வெட்டுத்துணியில் சில்லறைப் பையும் சந்தைக்குக் கொண்டுபோகும் மடிப்புப் பையும் தைக்கிறார்கள். பாய் இழைக்கும் அம்மாமார் இருவர் வந்து, சாயமிட்ட பன்புல்லில் தேநீர்க் கோப்பை வைக்கும் சிறு தட்டு முடையக் கற்றுக்கொடுத்தார்கள். பனையோலையில் பேனைக்கூடு, சிரட்டையில் சாவிக்கொத்து. ஆண் பிள்ளைகள் சிலர் தும்புக் கயிற்றைப் பலகைத் துண்டில் இறுக்கிச் சுற்றி, பூனை நகம் கீறுவதற்கான கட்டை செய்திருக்கிறார்கள். வீட்டுக் கதிரையைக் கீறும் பூனை வைத்திருப்பவர்கள் அதை முதலில் வாங்கிவிடுங்கள், எண்ணிக்கை குறைவு.

விலை நிர்ணயிக்கும் கூட்டம் சுவையானது. பிள்ளைகள் ஒரு புத்தகக்குறிக்கு 500 ரூபா எழுதி, "பாவப்பட்ட பூனைகளுக்காக" என்று ஒரு சீட்டும் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டையும் எடுக்கச் சொன்னேன். கோணலாக முடைந்த ஒன்றைப் பாவம் பார்த்து வாங்குகிறவர் அதை அலுமாரிக்குள் போட்டுவிட்டு, அடுத்த முறை நம்மைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிப் போவார். நேராக முடைந்ததை நியாய விலைக்கு வாங்கியவர் இன்னொன்று கேட்டு வருவார். ஆகவே விதி இதுதான்: சிற்றுண்டிச்சாலையில் ஒரு பணிஸ் வாங்கும் காசுக்குள் சிறு பொருட்கள் அடங்க வேண்டும். புத்தகக்குறி 50 ரூபா, பன்புல் தட்டு 100 ரூபா. மடிப்புப் பையும் கீறல் கட்டையும் மட்டும் 300 ரூபா வரை போகும்.

"குறைத்து விற்றால் பணம் சேராதே, சேர்" என்றார்கள். பத்துப் பேர் 500 ரூபா கொடுத்தாலும் 5,000, நூறு பேர் 50 ரூபா கொடுத்தாலும் 5,000. முன்னதில் பத்து வீட்டில் பூனைக் கருத்தடை பற்றிப் பேச்சு நடக்கும். பின்னதில் நூறு வீட்டில். சந்தைக்கு மீன் வாங்க வந்து கையில் மிச்சச் சில்லறையோடு திரும்புகிற ஒரு பெண்ணும் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். பூனைகளை அன்றாடம் பார்ப்பவர் அவர்தாம், 500 ரூபா சீட்டைப் பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி அல்லர்.

மூலப்பொருள் இலவசம் என்பதால் விற்ற காசு முழுவதும் இலாபம் என்ற எண்ணத்தையும் உடைக்க வேண்டியிருந்தது. ஊசி, பசை, மட்டை, நூல் மூட்டை ஏற்றி வந்த முச்சக்கர வண்டிக் கூலி எல்லாவற்றையும் எழுதிப் பங்கிட்ட பிறகுதான் ஒவ்வொரு பொருளிலும் எஞ்சுவது தெரிந்தது. செயன்முறைத் தொழில்நுட்பப் பாடத்தில் ஒரு தவணை முழுவதும் சொல்லி ஏறாத பாடம் ஒரே பிற்பகலில் ஏறியது.

ஒரு வேண்டுகோள். தயவுசெய்து நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். சென்ற கண்காட்சிக்குத் தரம் 6 பிள்ளையொன்றின் பெயரில் வந்த மரக்கப்பல் தச்சு வேலையில் இருபது வருட அனுபவத்தைக் காட்டியது. முடிச்சுப் போடத் தெரியாவிட்டால் காட்டிக் கொடுங்கள். முடிச்சைப் பிள்ளையே போடட்டும். அதேபோல உங்கள் பிள்ளை செய்த அத்தனையையும் நீங்களே வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விடவும் வேண்டாம்.

பூனைக்கான விளையாட்டுப் பொருட்களும் சந்தையில் இருக்கும். அவற்றை வாங்குவோர் கவனிக்க: நீளமான நூல், ரிப்பன், பொத்தான் எதையும் அவற்றில் வைக்கவில்லை. பூனை நூலை விழுங்கினால் அது குடலில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் ஊசி நூலையும் எட்டாமல் வையுங்கள். காய்ச்சல் என்று நினைத்துப் பூனைக்கு பரசிற்றமோல் கொடுக்கவே கூடாது. மனிதருக்கான அந்த மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

பிள்ளைகள் பூனைகளைப் பிடிக்கப் போவதில்லை. அந்த வேலை, நம் ஊரில் ஏற்கெனவே இதைச் செய்துவரும் இளைஞர்களுடையது. கூண்டும் கையுறையும் அவர்களிடம் இருக்கின்றன. எந்தப் பூனை கடித்தாலும் கீறினாலும், வீட்டுப் பூனையே ஆனாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விசர்நோய் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை. தடுப்பூசி அரச வைத்தியசாலைகளில் இலவசம். மஞ்சளும் எண்ணெயும் பூசிக்கொண்டு மூன்று நாள் காத்திருக்கும் வைத்தியம் வேண்டாம். இழுப்பு வருத்தம் (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகள் பூனைகளுக்கு அருகில் போகத் தேவையில்லை. அவர்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறார்கள்.

பணத்தை எந்தத் தனிநபர் கையிலும் கொடுக்கமாட்டோம். சத்திரசிகிச்சை செய்யும் கால்நடை வைத்தியரின் பற்றுச்சீட்டுக்கே நேரடியாகச் செலுத்துவோம். ஒரு பெண் பூனைக்கு மயக்க மருந்து, சத்திரசிகிச்சை, பிந்திய மருந்து, போக்குவரத்து எல்லாம் சேர்ந்தால் ஆயிரக்கணக்கில் வரும். ஆகவே ஒரே நாளில் ஊர்ப் பூனை முழுவதற்கும் தீர்வு வந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். பெண் பூனைகளில் தொடங்குவோம், பணம் இருக்கும் வரை போவோம். சிகிச்சை முடிந்த பூனையின் காது நுனி, மயக்கத்தில் இருக்கும்போதே சிறிதளவு வெட்டப்பட்டிருக்கும். உலகெங்கும் வழக்கத்திலுள்ள அடையாளம் அது. யாரோ கொடுமை செய்துவிட்டார்கள் என்று பதறாதீர்கள். வரவு செலவுக் கணக்கு அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். சங்கச் செயலாளரிடம் கேட்டும் பார்க்கலாம்.

வீட்டில் பூனை வைத்திருப்பவர்கள் தம் பூனைக்கும் இதைச் செய்துவிட்டால் நம் செலவும் குறையும். செய்ய விரும்புவோர் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுத்தால், கால்நடை வைத்தியர் வரும் நாளை அறிவிப்போம். கட்டணத்தை நீங்கள் செலுத்த வேண்டும். வசதி இல்லாதோர் என்னிடம் தனியாகச் சொல்லலாம். குட்டி எடுத்து வளர்க்க விரும்புவோரும் பெயர் தரலாம். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கமாட்டோம், அவசரப்படுத்தாதீர்கள்.

மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் ஆலயத் திருவிழாக் காலத்தில் அங்கேயும் ஒரு கடை போடலாமே என்று பழைய மாணவர் ஒருவர் யோசனை சொன்னார். ஆடி அமாவாசை நெரிசலில் தரம் 7 பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்த எனக்குத் துணிவில்லை. பாடசாலை மண்டபமே போதும்.

சனிக்கிழமை வரும்போது சில்லறை கொண்டுவாருங்கள். 50 ரூபாப் பொருளுக்கு 5,000 ரூபாத் தாளை நீட்டினால் காசாளர்கள் திணறிப்போவார்கள். பொலித்தீன் பை தரமாட்டோம். உங்கள் பையைக் கொண்டுவாருங்கள், அல்லது எங்களிடமே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பேரம் பேசலாம், ஆனால் பிள்ளைகள் விலை குறைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். மண்டபத்துக்குப் பூனைகளைக் கொண்டுவர வேண்டாம், பெட்டியில் வைத்துக்கூட.

இப்படிக்கு,
அதிபர்