விளிம்பைக் காட்டாத சவரக்கத்தி விளம்பரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கடலூர் முதுநகரில் சலூன் நடத்துகிறேன். அப்பா வைத்த கடை. அவர் காலத்தில் மடக்குக் கத்தியைக் கல்லில் தீட்டி, தோல் வாரில் இழுத்த பிறகுதான் சவரம். இப்போது வாடிக்கையாளர்களுக்குப் பாதி பிளேடு மாட்டும் கத்திதான். ஒருவருக்குப் போட்ட பிளேடை அடுத்தவருக்குப் போடக்கூடாது, அதுதான் சரி. ஆனாலும் அப்பாவின் கல்லும் வாரும் கடையில் இருப்பது தெரிந்து, ஆன்லைனில் பழைய மடக்குக் கத்தி வாங்கும் இளைஞர்கள் தீட்டித் தரச் சொல்லி வருகிறார்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து வருகிறார்கள், புதுச்சேரியிலிருந்துகூட வருகிறார்கள். கெட்டுப்போன பழைய கத்திக்கு மிஷினில் மெருகேற்றி, புதுப்பித்தது என்று விற்று அவர்களை ஏமாற்றும் வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் வந்தார். "அண்ணே, ஜெர்மன் கத்தி. அப்பா பொறந்தநாளுக்குக் கொடுக்கணும், தீட்டிக் கொடுங்க" என்றார். விளம்பரத்தில் 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்று போட்டிருந்ததாம். அலகில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. டியூப்லைட் அடியில் சாய்த்துப் பிடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அலகில் பொறித்திருந்த எழுத்தில் பாதி தேய்ந்து போயிருந்தது. அலகுக்கும் பிடிக்கும் நடுவில் உள்ள வால் பகுதியில் இருந்த முத்திரையின் ஓரங்கள் மழுங்கியிருந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் விளிம்பை ஒட்டி ஊசிமுனை அளவில் வரிசையாகத் துருக்குழிகள். மேலே மெருகு ஏற்றிவிட்டார்கள், குழி அப்படியே உள்ளே இருக்கிறது. கல்லில் தீட்டத் தீட்ட விளிம்பு பின்வாங்கி அந்தக் குழியைத் தொடும். தொட்ட இடத்தில் விளிம்பு பல் பல்லாக உடையும். கன்னத்தில் வைத்தால் கிழிக்கும்.

இதைவிடப் பெரிய கேடு சூடு. மெருகேற்றும் பஃபிங் மிஷினில் அழுத்திப் பிடித்தால், காகிதம்போல மெலிந்திருக்கும் விளிம்பு ஒரு நொடியில் கொதித்துவிடும். கார்பன் ஸ்டீலை நெருப்பிலிட்டுக் கடினமாக்கி, பிறகு சுமார் 200 டிகிரி சூட்டில் பதப்படுத்தித்தான் இந்தக் கத்திகளைச் செய்தார்கள். அந்தச் சூட்டைத் தாண்டினால் இரும்பின் கடினம் குறையத் தொடங்கும். 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் பாயும். பதம் போய்விட்டது என்பதற்கு அந்த நீலம்தான் சாட்சி, விற்பவர் அதையும் மெருகு போட்டு அழித்துவிடுகிறார். படத்தில் எப்படித் தெரியும்? வாங்கியவர் தீட்டுவார், ஒரு சவரத்திலேயே கூர் போய்விடும். தனக்குத்தான் தீட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு கத்தியைப் பெட்டியில் போட்டுவிடுவார். பழி, கத்தியை வாங்கியவர் மேல் விழுவதுதான் எனக்கு ஆறவில்லை.

முறையாகச் செய்தால் எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு கத்தியைச் சொல்கிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த தன் தாத்தாவின் கத்தியைப் புதுச்சேரிக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். கத்திக்குப் பேர்போன தியேர் என்ற பிரெஞ்சு ஊரில் செய்தது. கறுத்துப் போயிருந்தது, யாரும் மெருகேற்றவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய ஸ்டீல் உல் என்ற இரும்பு நாரால் கையாலேயே செந்துருவை எடுத்தேன். கறுப்பை அப்படியே விட்டேன், அதனால் கெடுதல் இல்லை. ஆயிரம் நம்பர் கல், அதைவிட நயமான எட்டாயிரம் நம்பர் கல், அப்புறம் வார். முதுகும் விளிம்பும் ஒன்றாகக் கல்லைத் தொட வேண்டும், ஏனென்றால் முதுகின் கனம்தான் தீட்டும் கோணத்தைத் தருகிறது. அதனால்தான் முதுகை மிஷினில் தேய்த்த கத்தி சரியாக வருவதில்லை. சாணை பிடிப்பவரிடமும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர் சரி, சவரக்கத்திக்கு அந்தச் சக்கரம் ஆகாது. தாத்தாவின் கத்தி மிக அருமையாகச் சவரம் செய்தது.

விளம்பரங்களில் வயதையும் கூட்டிச் சொல்கிறார்கள். '200 ஆண்டுப் பழமை' என்று போட்டு, படத்தில் 'மேட் இன் இங்கிலாந்து' முத்திரையைக் காட்டுகிறார்கள். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்ட பிறகுதான் கத்திகளில் நாட்டுப் பெயர் பொறிப்பது வழக்கமானது. அந்தக் கத்தி எப்படி 200 ஆண்டுப் பழசாகும்? கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊர் சோலிங்கனின் பெயருக்கோ அந்த நாட்டில் 1938 முதல் சட்டப் பாதுகாப்பே இருக்கிறது. அந்த ஊரில் செய்யாததில் அந்தப் பெயரைப் போடக்கூடாது.

கைப்பிடி விஷயம் இன்னும் மோசம். 'யானைத் தந்தப் பிடி' என்று வாங்கி வந்த ஒன்றைப் பார்த்தேன். சிறு சிறு கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தன, அது எலும்பு. உண்மையிலேயே தந்தம் என்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி விற்பதும் வாங்குவதும் குற்றம். இரண்டில் எதுவானாலும் அந்த விளம்பரம் இணையத்தில் இருக்கலாமா? செல்லுலாய்டு என்ற பழைய காலத்துப் பிளாஸ்டிக் பிடியாக இருந்தால் தேய்த்து முகர்ந்து பாருங்கள், லேசாகக் கற்பூர வாசனை வரும். பழசாகிச் சிதையும்போது அது அமிலம் கக்கி, மடக்கி வைத்த அலகையே அரித்துவிடும். சட்டென்று தீப்பிடிக்கும் பொருளும்கூட. இதைச் சொல்லி விற்கும் ஒரு விளம்பரத்தையும் நான் பார்த்ததில்லை.

அந்த மாணவர் விற்றவரிடம் கேட்டதற்கு, 'பழைய பொருள் அப்படித்தான் இருக்கும்' என்று ஒரு வரி பதில் வந்ததாம். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020இன்படி, விற்பனைத் தளம் புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் இந்த எண்ணை அடிக்கடி வெளியிட்டால் பலருக்கு உதவும்.

விற்பனைத் தளங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பழைய சவரக்கத்தி விற்பவர் விளிம்பு முழுவதையும் அருகில் எடுத்த படம், முதுகின் படம், முத்திரையின் படம் மூன்றையும் கட்டாயம் போட வேண்டும். மிஷினில் மெருகேற்றியிருந்தால் அதை எழுத வேண்டும். வாங்குபவர்களும் இந்த மூன்று படங்களும் வராமல் பணம் அனுப்ப வேண்டாம். வந்த கத்தியைச் சுத்தம் செய்து ஸ்பிரிட்டால் துடைக்காமல் முகத்தில் வைக்கவும் வேண்டாம். நம் ஊர்க் கடல்காற்றில் ஒரே இரவில் துரு ஏறும், அதனால் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் தடவி வையுங்கள்.

கறுத்த கத்தி கையில் இருந்தால், எங்கேயும் மெருகேற்றக் கொடுக்கும் முன் என் கடைக்குக் கொண்டுவரலாம். பார்த்துச் சொல்லக் காசு வாங்குவதில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் கடை விடுமுறை.

இப்படிக்கு,
ஒரு முடிதிருத்தும் தொழிலாளி,
கடலூர் முதுநகர்.