என் முட்டிக்கும் ஹெரால்டின் மூட்டுக்கும் கைகொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஆயுத பூஜையன்று எங்கள் ஹெரால்டு கார் நான்கு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனது. போன வருடம் இதே நாளில் அது செங்கல் அடுக்கின் மேல் நின்றது. நான் பக்கத்தில் கைத்தடியோடு நின்றேன். இடையில் உதவியவர்கள் ஒருவர் இருவர் இல்லை. நேரில் சொல்லலாம் என்றால் பாதிப் பேரை மறந்துவிடுவேன், மீதிப் பேரிடம் வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

வண்டியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1965 மாடல், 948 சிசி. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் செய்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்டு ஆனது. அப்பா பஞ்சு வியாபாரம் செய்துகொண்டிருந்தார். ஃபியட்டுக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கப் பொறுமையில்லாமல் இதை எடுத்தார். அன்று எனக்கு வயது 12. இன்று எனக்கு 72, வண்டிக்கு 60. கூடவே ஷெட்டில் இன்னொன்றும் இருக்கிறது, 1969-ஆம் வருடத்து ஃபியட் 1100 டிலைட். 1981-இல் குன்னூரில் ஒரு எஸ்டேட் மேனேஜரிடம் வாங்கினேன். ஸ்டியரிங்கிலேயே கியர், முன்னால் பெஞ்சு சீட்டு. அது சமர்த்து. இந்தக் கடிதத்தில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

ஹெரால்டில் எனக்குப் பிடித்ததே பானட்தான். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் கொக்கியை விடுவித்து முன்பக்கமாகத் தூக்கினால், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து மொத்த மூஞ்சியும் எழுந்து நிற்கும். முன்சக்கரம் இரண்டும் திறந்து கிடக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து கார்ப்ரேட்டரைக் கழற்றலாம், தீப்பொறி கொடுக்கும் பிளாட்டினம் பாயிண்டைத் தேய்க்கலாம். நாற்பது வருடம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் ஆசனம் அந்த டயர்தான். பம்பு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவன், வேறு யாரையும் ஸ்பேனர் வைக்க விடமாட்டேன். உதவிக்கு வருகிற பிள்ளைகளைத் திட்டி அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்காரியைக்கூட டிக்கியை ஓங்கிச் சாத்தாதே என்று வருடம் முழுக்க எச்சரித்திருக்கிறேன்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். இந்த வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் கம்பியின் அடியில் வெண்கலத்தில் ஒரு மூட்டு உண்டு. டிரனியன் என்பார்கள். மரையில் சுற்றித் திரும்புகிற மூட்டு. ஒரு பக்கம் வலது மரை, மறு பக்கம் இடது மரை. அதற்கு கிரீஸ் ஆகாது. கெட்டியான கியர் ஆயில், நம்ம பட்டறைகளில் சொல்கிற 90 ஆயில்தான் போக வேண்டும். கிரீஸ் மரைக்குள் இறங்காது. உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடித்து, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் கடைசி நாலைந்து வருடமாக இடது முட்டி மடங்கவில்லை. தரையில் படுத்து ஆயில் கன்னைப் பொருத்த முடியவில்லை. இன்னொருவரைக் கூப்பிடவும் மனம் வரவில்லை. நின்ற வாக்கில் எட்டிப் பிடித்து ரெண்டு அடி கிரீஸ் அடித்துவிட்டு, போதும் என்று விட்டுவிட்டேன். வண்டியின் மூட்டு போனதற்குக் காரணம் என் மூட்டு. அதற்கும் மேலே என் வீம்பு.

2024 பிப்ரவரியில் கோவை வடவள்ளியில் எங்கள் சந்துக்குள் முதல் கியரில் திரும்பும்போது இடது முன்சக்கரம் மடங்கி வெளியே சாய்ந்தது. வண்டி மண்டியிட்ட மாதிரி உட்கார்ந்தது. மருதமலை ரோட்டில் வேகமாகப் போகும்போது நடந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள்.

முதல் நன்றி அந்தச் சந்துக்காரர்களுக்கு. பால்காரத் தம்பி, எதிர்வீட்டு மாப்பிள்ளை, தண்ணீர் கேன் போட வந்த இரண்டு பையன்கள், பெயர் கேட்காமலே விட்டுவிட்ட, பைக்கில் வந்த ஒருவர் என்று ஐந்து பேர் சேர்ந்து 800 கிலோ வண்டியின் மூக்கைத் தூக்கிப் பிடித்தார்கள். அடியில் ஒரு அம்மிக்கல்லைக் கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. அந்த அம்மி இன்னும் எங்கள் ஷெட்டில்தான் இருக்கிறது அக்கா, கொண்டுவந்து தருகிறேன்.

கணபதிப் பகுதியில் லேத் வைத்திருக்கும் அண்ணனுக்கு அடுத்து. உடைந்த மூட்டை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் அவரிடம் போனேன். அவர் செய்யாத சாமான் கிடையாது. என் ஃபியட்டின் வாட்டர் பம்பு ஷாஃப்ட் அவர் கடைந்ததுதான், பதினோரு வருடமாக ஓடுகிறது. கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மரைக்குள் நகத்தை விட்டுச் சுரண்டினார். கறுப்பாகக் காய்ந்த கிரீஸ் உதிர்ந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏனுங்க, இதுல கிரீஸ் அடிச்சது யாருங்க?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. "கன்மெட்டல்ல கடைஞ்சு கொடுத்துருவனுங்க. ஆனா இது உசுரு சம்பந்தப்பட்ட சாமானுங்க. என்ன கலவைன்னு தெரியாம நான் செய்ய மாட்டனுங்க. ஒரிஜினல் தேடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்குக் கோபமாக வந்தது. காசு வாங்கிக்கொண்டு ஏதோ ஒன்றைக் கடைந்து கொடுக்கிற இடம் ஊரில் ஆயிரம் இருக்கிறது. மாட்டேன் என்று சொன்னதற்காக ஒருவருக்கு நன்றி சொல்வது எனக்கு இதுதான் முதல் தடவை. நன்றிங்க அண்ணா.

ஒரிஜினலைத் தேடி சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் அலைந்தது என் மைத்துனன். மூன்று தடவை போய் கதவுக் கைப்பிடி, ஒரு டைனமோ, வேறு ஏதோ வண்டியின் கண்ணாடி எல்லாம் கொண்டுவந்தான். கேட்டது மட்டும் கிடைக்கவில்லை. பரவாயில்லை மாப்ளே, அந்த டைனமோ இப்போது ஃபியட்டில் இருக்கிறது.

கடைசியில் கிடைத்தது இங்கிலாந்தில், கவென்ட்ரியில். டிரையம்ஃப் தொழிற்சாலை இருந்த ஊரே அதுதான். ஹெரால்டு பிறந்ததும் அங்கேதான். எங்கள் மூன்றாவது வீட்டுப் பெண் அங்கே வேலை பார்க்கிறாள். ஹெரால்டும் அதே டிரையம்ஃபின் ஸ்பிட்ஃபயர் காரும் முன்பக்கம் ஒரே குடும்பம். ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் அங்கே ஏராளம் என்பதால் அந்த மூட்டை இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நம் ஊரில் ஹெரால்டு போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் ஆன பிறகும் அதன் எலும்புக்கு அங்கே கடை திறந்திருக்கிறது! டிசம்பரில் லீவுக்கு வந்தபோது பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே சுற்றி, வலது ஒன்று இடது ஒன்று கொண்டுவந்தாள். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறக்கச் சொல்லி இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "எங்க தெருத் தாத்தாவோட முழங்கால்" என்று சொன்னாளாம். கண்ணு, போகும்போது உன் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவுக்குள் எங்கள் வீட்டு முறுக்கும் இருந்தது. கணக்குச் சரியாகாது, எனக்குத் தெரியும்.

நடுவே என் முட்டிக்கு 2024 ஜூனில் ஆபரேஷன். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, இரண்டு எலும்புக்கும் நடுவில் வழவழப்புப் போய்விட்டது, ஒன்றோடு ஒன்று உரசுகிறது என்றார். எனக்கு லேத் அண்ணன் நகத்தால் சுரண்டியதுதான் ஞாபகம் வந்தது. டாக்டருக்கு நன்றி. அவரைவிடப் பெரிய நன்றி பிசியோதெரபிக்கு வந்த பெண்ணுக்கு. முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று தினமும் அளப்பாள். எண்பதிலேயே நின்றுகொண்டு வலிக்கிறது என்று முரண்டு பிடித்தேன். ஒரு நாள் ஷெட்டைப் பார்த்துவிட்டு, "அந்த காரோட கிளச்சை மிதிக்க எவ்வளவு மடங்கணும் அங்கிள்?" என்று கேட்டாள். மறுநாள் என்னை ஹெரால்டுக்குள் உட்கார வைத்து அங்கேயே பயிற்சி. வண்டி செங்கல் மேல்தான் நின்றது. கிளச்சை மிதித்து எடு, மிதித்து எடு, இருபது தடவை. இந்த வண்டியில் முதல் கியருக்கு, கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோ கிடையாது. ஓடும்போது முதல் கியர் போட வேண்டுமென்றால் இரண்டு தடவை கிளச் மிதிக்க வேண்டும். அதையும் கேட்டுக்கொண்டு, அப்படியானால் நாற்பது தடவை என்றாள்.

அப்புறம் எங்கள் மெக்கானிக் மேஸ்திரி. என்னைவிட ஆறு வயது மூத்தவர், அப்பா காலத்திலிருந்து பழக்கம். காது மந்தமாகிவிட்டது. காதில் மெஷின் வைத்திருக்கிறார். ஏப்ரலில் புது மூட்டுகளை மாட்டி முடித்து, பதினான்கு மாதத்துக்குப் பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்தபோது டக் டக் என்று ஒரு சத்தம். வால்வைத் தள்ளும் டேப்பட் என்று எனக்குத் தோன்றியது. அவர் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றினார். பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். ஒவ்வொரு இடமாக நகர்த்திக்கொண்டே வந்து, பெட்ரோல் பம்பில் நிறுத்தினார். "இங்கே" என்று கையைக் காட்டினார். கழற்றினால் உள்ளே டயாபிரம் என்கிற ரப்பர் சவ்வு ஊறிக் கொழகொழவென்று கிடக்கிறது. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரை இப்படித்தான் செய்யும். பம்பு, ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரப்பருக்கு மாற்றினோம். அண்ணே, உங்கள் காது போனதென்று யார் சொன்னது?

ஒரு சின்னக் குறை, சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. நடுவில் இரண்டு மாதம் வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தேன். ஷெட்டுக்குள் வைக்கிறோம் என்றவர்கள் மழையில் நிறுத்திவிட்டார்கள். தரைத் தகடு ஓட்டையானது. அந்த ஓட்டையை வெட்டி ஒட்டி, எங்கே ஒட்டினார் என்றே தெரியாதபடி செய்த டிங்கர் பாய்க்குத் தனி நன்றி.

ஆர்.சி.யும் இந்த வருடம்தான் புதுப்பிக்க வேண்டியிருந்தது, என் லைசென்ஸும் இந்த வருடம்தான். வண்டிக்கும் ஐந்து வருடம், எனக்கும் ஐந்து வருடம். அதற்கு இன்ஸ்பெக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும், எனக்கு டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வித்தியாசம், வண்டிக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-இல் 5,000 ஆனது. நான் இன்னும் மலிவுதான். 2021-இல் ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கென்று தனியாக வி.ஏ. நம்பர் கொண்டுவந்தார்கள். அதற்கு மாற்றிவிடுங்கள், கௌரவம் என்றார்கள் சிலர். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த நம்பர் வாங்கினால் கண்காட்சிக்கும் ரேலிக்கும்தான் வெளியே எடுக்கலாம். எனக்குக் காய்கறி வாங்கப் போக வேண்டும். சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் தம்பி பானட்டைத் தூக்கச் சொன்னார். அது முன்பக்கமாக எழுந்ததும் வேலையை விட்டுவிட்டு உள்ளே இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அவருக்கும் நன்றி, அந்த ஐந்து நிமிடத்துக்கு.

கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. ராத்திரி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஹெரால்டுக்கும் டைனமோதான், வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது விளக்கு மங்கிவிடும். ஆறு மணிக்குள் இருவரும் வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

வீட்டுக்காரிக்கு என்ன சொல்ல? செங்கல் மேல் நின்ற வண்டிக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் விபூதி பூசியவள். வண்டிக்கு அறுபது என்று நான் சந்தோஷப்பட்டபோது, "நமக்கு அறுபதாம் கல்யாணம் பண்ணினப்போகூட உங்க முகம் இப்படி மலரலை" என்றாள். உண்மைதான். மன்னித்துக்கொள்.

கடைசியாக, கீழ்வீட்டுப் பாலிடெக்னிக் பையனுக்கு. எத்தனையோ முறை என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பிப் போனவர்களில் அவனும் ஒருவன். ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருந்தபோது, கேட்காமலே வாரம் ஒருமுறை சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, பேட்டரியை சார்ஜ் போட்டு, ஃபியட்டை ஸ்டார்ட் செய்து வைத்தவன் அவன்தான். இப்போது மாதம் ஒரு ஞாயிறு அவன் தரையில் படுத்து ஆயில் கன்னைப் பிடிக்கிறான். நான் டயர் மேல் உட்கார்ந்து, மேலே 90 ஆயில் கசிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். போன வாரம் அவன் கன்னைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தான். வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். அது அவனுக்கும் தெரிந்தது, சிரித்துவிட்டான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேல் ஷெட் திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் வாருங்கள், காபி உண்டு. வரும்போது பழைய வேட்டி இருந்தால் ஒன்று எடுத்து வாருங்கள். துடைக்கிற துணி தீர்ந்துவிட்டது, என் நல்ல வேட்டி ஒன்றை வீட்டுக்காரி ஒளித்து வைத்திருக்கிறாள்.