அக்காவுக்கு, அந்த ஈயச் சொம்பைப் பற்றி

அன்புள்ள அக்கா,

அம்மாவின் தலைத்திவசத்துக்கு வந்து, படையல் முடிந்ததும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டாய். ஃபோனை எடுப்பதில்லை. நான் இங்கே எழுதுவதை மட்டும் படிக்கிறாய் என்று உன் மகள் சொன்னாள். அதனால்தான் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

வெண்கலப் பானையும் பித்தளை அண்டாவும் அடுத்த வாரம் உன் வீட்டுக்கு வருகின்றன. புது வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு, அதில் வெண்கலமும் பித்தளையும் சூடேறாது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் அனுப்புவது அதற்காக இல்லை.

1986 தீபாவளிக்கு முந்தின வாரம். ஈயம் பூசுகிறவர் வேப்பமரத்தடியில் குழி தோண்டிக் கரி போட்டு, துருத்தி ஊதிக்கொண்டிருந்தார். அம்மா என்னை ரசத்துக்குப் புளி கரைக்கச் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போயிருந்தாள். கரைசலை ஊற்றிவிட்டுத்தான் ஈயச் சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டும். நான் வெறும் சொம்பை ஏற்றிவிட்டு, துருத்திச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினேன். அவர் நவச்சாரத்தைத் தூவ, வெள்ளைப் புகை எழும்பும். பழந்துணியால் ஒரு சுற்று சுற்றினால் மஞ்சள் அண்டா உள்ளே வெள்ளியாகிவிடும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்று பின்னால் கல்லூரியில் படித்தேன். உள்ளே ரசம் இருந்தால் சொம்பு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அப்பாயி அதில் 40 வருஷம் ரசம் வைத்தது அப்படித்தான். நான் திரும்பி வந்தபோது ஸ்டவ்வைச் சுற்றி வெள்ளித் துளிகள் ஓடிக்கொண்டிருந்தன. நீ அணைத்துவிட்டு நின்றாய். அம்மா வந்தாள். "நான்தாம்மா வச்சேன்" என்றாய்.

எனக்கு 10 வயது. பயம். பயம் மட்டும் என்றால் மறுநாளாவது சொல்லியிருப்பேன். அம்மாவின் கடைசி மாதத்தில் தினமும் பக்கத்தில் இருந்தேன், அப்போதும் சொல்லவில்லை. மன்னித்துவிடு அக்கா.

உன் கல்யாணத்துக்கு எல்லாம் எவர்சில்வர். "அவகிட்ட பழைய சாமான் நிக்காது" என்று அம்மா சொன்னது உன் காதிலும் விழுந்தது. பானையும் அண்டாவும் தோசைக்கல்லும் என்னிடம் வந்தன.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அப்படிச் சொல்லச் சொல்லி நானா கேட்டேன்? நீயாகப் பழியை ஏற்றுக்கொண்டு, அதற்கான விலையை என்னிடம் இத்தனை வருஷம் வசூலித்திருக்கிறாய். அம்மா போன அன்று கூடத்தில் நடந்த பேச்சை இங்கே எழுத மாட்டேன், ஊர்க்காரர்களும் உன் வீட்டாரும் படிப்பார்கள். 'அள்ளிக்கொண்டு போனவள்' என்று சொன்னது யார் என்பதையும் விட்டுவிடுகிறேன்.

அள்ளிக்கொண்டு போனதை நான் பரணில் போடவில்லை. ஈயம் தேய்ந்த பித்தளையில் புளி பட்டால் களிம்பேறிவிடும். தெருவுக்கு ஈயம் பூச வருவது நின்றுபோன பிறகு, அண்டாவை பஸ்ஸில் கும்பகோணத்துக்குத் தூக்கிப்போய்ப் பூசி வாங்கி வந்தேன். கண்டக்டரிடம் லக்கேஜ் டிக்கெட்டுக்குச் சண்டை போட்டது வேறு கதை.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. உருகிய கட்டியை அம்மா அன்று சாயங்காலமே அதே ஆளிடம் கொடுத்து, நம் அண்டாவுக்குப் பூசச் சொன்னாள். நீ கிணற்றடியில் அழுதுகொண்டிருந்தாய். அந்த வருஷத் தீபாவளிக்கு நாம் சாப்பிட்டது அந்த அண்டாவில்தான்.

தோசைக்கல்லை மட்டும் கேட்காதே. தர மாட்டேன். சோப்பு படாமல், சப்பாத்திக்குத் தொடவிடாமல், வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தே வைத்திருக்கிறேன். முதல் தோசையே ஒட்டாமல் வருகிறது. அது இண்டக்‌ஷனிலும் ஏறும். அம்மா கை பட்டதில் ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும்.

வெண்கலம் பித்தளை மாதிரி நசுங்காது, விழுந்தால் விரிசல்தான். வேன்காரரிடம் வைக்கோல் சுற்றச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் பானையை விரலால் சுண்டிப் பார். கணீரென்று இழுத்துக் கேட்டால் வழியில் ஒன்றும் ஆகவில்லை. சுண்டும்போது எனக்கு ஃபோன் போடு. பேச வேண்டாம், சத்தத்தை நானும் கேட்கிறேன்.

உன் தங்கை