வங்கக் கடல் ஒப்பந்தத்தை எப்போது முடிப்பார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிராந்திய வர்த்தகக் கூட்டமைப்புகள் பற்றிய தங்கள் தலையங்கம், 2019 நவம்பரில் ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா சேர மறுத்தது சரியா தவறா என்பதோடு நின்றுவிட்டது. என்னைக் கேட்டால் மறுத்தது சரிதான். வரிக் குறைப்புக்கு 2014-ஐ அடிப்படை ஆண்டாக ஏற்று, அப்போதிருந்த வரியிலிருந்தே குறைக்க ஒப்புக்கொண்டிருந்தால், அதற்குப் பிறகு நாம் உயர்த்திய வரிகளுக்கு அர்த்தமே இருந்திருக்காது. எனக்கு மனசு ஆறாதது வங்கக் கடல் பகுதி நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் விஷயத்தில்தான்.

இந்தியா, வங்கதேசம், இலங்கை, தாய்லாந்து, மியான்மர், நேபாளம், பூட்டான் ஆகிய ஏழு நாடுகளின் இந்த அமைப்பு 1997-ல் தொடங்கியது. தடையற்ற வர்த்தகத்துக்கான கட்டமைப்பு ஒப்பந்தம் 2004-ல் போட்டார்கள். இருபது வருஷம் தாண்டியும் அது முழு ஒப்பந்தமாகவில்லை. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கடல் போக்குவரத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சரி, கப்பலுக்கு வழி செய்தாயிற்று. அதில் வரும் சரக்குக்கு என்ன வரி என்பதை யார் முடிவு செய்வது?

காரைக்குடியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்பவன் நான். நம் வீடுகளில் இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தில் கணிசமான பங்கு பர்மா (மியான்மர்) சரக்கு. அங்குள்ளவர்கள் அதை அதிகம் சாப்பிடுவதில்லை, நமக்காகவே விதைக்கிறார்கள். மூட்டையில் குத்தூசி போட்டு ஒரு பிடி எடுத்து, பல்லில் கடித்து ஈரம் பார்த்து, எஃப்.ஏ.க்யூ.வா (சராசரித் தரம்) எஸ்.க்யூ.வா (உயர்தரம்) என்று தரம் பிரிப்பது எங்களுக்குத் தினசரி வேலை. சரக்கின் தரத்தைக் கையால் சொல்லிவிடுவோம். அடுத்த மாதம் அரசு என்ன அறிவிக்கும் என்பதை எங்களால் சொல்ல முடியாது. 2017 ஆகஸ்டில் உளுந்து இறக்குமதிக்குத் திடீரென்று கட்டுப்பாடு போட்டார்கள். பர்மாவில் விலை அடிமட்டத்துக்குப் போனது. 2021 மே மாதம் மறுபடி திறந்தார்கள். அடுத்த மாதமே, ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து என்று மியான்மரோடு ஐந்தாண்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தார்கள், 2025-26 வரை. வரியைப் பூஜ்யமாக்கு என்று நான் கேட்கவில்லை. ஒரே விதி பத்து வருஷம் நிற்கட்டும் என்கிறேன்.

இதில் டெல்டா விவசாயியை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. சம்பா அறுவடைக்கு முன்னால் நெல் வயலிலேயே உளுந்தைத் தெளித்து, மார்ச், ஏப்ரலில் எடுப்பார்கள். பர்மாவிலும் ஏறக்குறைய அதே சமயம்தான் அறுவடை. இரண்டும் ஒன்றாகச் சந்தைக்கு வந்தால் அடி வாங்குவது நம் விவசாயிதான். அந்த இரண்டு மூன்று மாதங்களுக்கு மட்டும் கூடுதல் வரி, மற்ற மாதங்களில் குறைந்த வரி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாமே!

எந்த நாட்டில் விளைந்தது என்பதற்கான சான்றும் கறாராக இருக்க வேண்டும். வியட்நாம் மிளகு இலங்கைச் சரக்கு என்ற பெயரில் சலுகை வரியில் நுழைகிறது என்று இடுக்கி, குடகு விவசாயிகள் கதறிய பிறகுதான், 2017 டிசம்பரில் மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள்.

உள்ளூர் விவசாயியின் கோபத்தைச் சம்பாதித்தால் வியாபாரம் நிற்காது என்பது செட்டிநாட்டுக்குப் புதுப் பாடம் இல்லை. ரங்கூன் மொகல் தெருவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனவர்கள் எங்கள் பெரியவர்கள். 1930-களில் நெல் விலை விழுந்தபோது அடமான நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம். அந்த ஊர் விவசாயிக்கு வந்த கோபம் நியாயமானது. அப்புறம் நிலம், வங்கி, கடை எல்லாம் தேசியமயமாகிக் கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பினார்கள்.

2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த மியான்மரோடு எப்படிப் பேசுவது என்கிறார்கள். உளுந்து மட்டும் தடையில்லாமல் வந்துகொண்டுதானே இருக்கிறது? ஆட்சி மாறினாலும் நிற்கக்கூடியது ஏழு நாடுகளும் சேர்ந்து போடும் ஒப்பந்தம்தான்.

அடுத்த சுற்றுப் பேச்சுக்கு முன்னால், வர்த்தக அமைச்சகம் தஞ்சாவூரிலும் விருதுநகரிலும் கூட்டம் போட்டு விவசாயியையும் பருப்பு மில்காரரையும் இறக்குமதியாளரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அதற்கு முன்பு தங்கள் நிருபர் ஒருவர் அந்த இரண்டு ஊர்களுக்கும் போய் விசாரித்து எழுதினால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
பருப்பு மொத்த வியாபாரி ஒருவர்,
காரைக்குடி